வாசகர் கேள்வி பதில்: லூயிஸ் புரூக்ஸின் பிடிவாதம்

கேள்வி (ரோஸ் ஹில் வாசகி): பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பின்னிரவில் ஒரு பழைய ஊமைப்படம் பார்த்தேன். நெற்றியை மறைக்கும்படி குட்டையாக வெட்டிய கருங்கூந்தலோடு லூலு என்ற வேடத்தில் நடித்தவர் லூயிஸ் புரூக்ஸ் என்னும் அமெரிக்க நடிகை என்று பிறகு அறிந்தேன். தலைக்கனத்தாலும் கிறுக்குத்தனத்தாலும் தம் வாழ்வைத் தாமே கெடுத்துக்கொண்டவர் என்கிறார் என் மாமனார். உண்மைதானா?

பதில்: தங்கள் மாமனார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி, ஸ்டூடியோக்காரர்கள் கட்டிவிட்ட கதை. 1906 நவம்பர் 14 அன்று கன்சாஸ் மாநிலத்தின் செரிவேல் என்னும் சிற்றூரில் வழக்கறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்த லூயிஸ், 15 வயதிலேயே நியூயார்க் சென்று டெனிஷான் நடனக் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மார்த்தா கிரஹாம் அப்போது அதே குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். குழுவை நடத்திய ரூத் செயிண்ட் டெனிஸ், வாழ்க்கையை வெள்ளித் தட்டில் வைத்து யாராவது நீட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெண் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, 1924இல் லூயிஸை வெளியேற்றினார். அடுத்த ஆண்டே அவர் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் சீக்ஃபெல்ட் என்ற தயாரிப்பாளரின் மேடையில் ஆடினார். பாராமவுண்ட் படநிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. படப்பிடிப்பின் இடைவேளைகளில் அவர் ஜெர்மானியத் தத்துவஞானி ஷோபன்ஹவரைப் படித்துக்கொண்டிருந்தது அங்கே பெரிய வேடிக்கையாகப் பேசப்பட்டது. (நாற்காலியில் தடித்த புத்தகத்தோடு உட்காரும் நடிகையை எந்த ஊர்ப் படவுலகமும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.) குடி, விருந்து, கையில் தங்காத பணம், முதலாளிகளிடம் முகத்துக்கு நேரே பேசும் வாய் ஆகியவையும் உண்டு, அவற்றை மறைப்பதற்கில்லை.

ஆனால் ‘தலைக்கனம்’ என்று பெயர் வாங்கிக்கொடுத்த 1928ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒப்பந்தப்படி அவருக்கு ஊதிய உயர்வு வர வேண்டிய நேரத்தில், பேசும்படம் வந்துவிட்டதைச் சாக்காக வைத்து, வாரம் 750 டாலருக்கே இருக்கலாம், இல்லையென்றால் போகலாம் என்றார் ஸ்டூடியோவின் தலைவர் ஷூல்பர்க். போகிறேன் என்று லூயிஸ் எழுந்துவிட்டார். பெர்லினிலிருந்து ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் என்ற இயக்குநர் தம் படத்துக்கு அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் யார் என்றே தெரியாமல் அவர் கப்பலேறினார். தாங்கள் பார்த்த ‘பண்டோராவின் பெட்டி’ அப்படித்தான் உருவாகி 1929இல் வெளிவந்தது.

அதில் மேடைக்குப் பின்னால் நடக்கும் காட்சி தங்களுக்கு நினைவிருக்கும். தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணக்கப் போகிறவர் அந்தப் பெண்ணோடு நாடகம் பார்க்க வந்திருப்பதைக் கண்டதும், ஆட மாட்டேன் என்று லூலு மறுத்துவிடுகிறாள். சாமான்கள் குவிந்த அறையில் குப்புற விழுந்து, தலையை ஆட்டி, கால்களை உதைத்து அடம்பிடிக்கிறாள். சினந்து வந்தவர் சிறிது நேரத்தில் அவளைத் தழுவிக்கொள்ளும் வேளையில் கதவு திறக்கிறது. வாசலில் அவருடைய மகனும் மணப்பெண்ணும் நிற்கிறார்கள். லூலு தலை தூக்கி வென்றவளின் சிரிப்பொன்று சிரித்துவிட்டு, ஒன்றுமே நடவாதது போல ஆடுவதற்கு எழுந்து போகிறாள். அக்காலத்து ஜெர்மானிய விமரிசகர்கள் இதையெல்லாம் நடிப்பென்றே ஏற்கவில்லை. இந்தப் பெண் எதையுமே செய்யவில்லை என்று எழுதினார்கள். கண்ணை உருட்டி மார்பில் அறைந்துகொண்டால்தான் நடிப்பு என்றிருந்த காலத்தில் அவர் செய்யாமல் விட்டதுதான் இன்று நம்மை உட்கார வைக்கிறது என்பது என் கருத்து. லண்டன் காட்சிகளுக்காக அவருடைய சொந்த உடைகளில் மிக நல்ல ஒன்றைப் பாப்ஸ்ட் எடுத்துக் கிழித்து, எண்ணெய்க் கறை ஏற்றி உடுத்தச் சொன்னாராம். அந்த உடையைப் போலவே தாமும் பாழான உணர்வோடு படப்பிடிப்புக்குப் போனதாக லூயிஸ் பின்னர் எழுதியிருக்கிறார்.

கேள்வி (போர்ட் லூயி வாசகர்): அவருடைய குரல் நன்றாக இல்லாததால்தான் பேசும்படத்தில் எடுபடவில்லை என்கிறார்களே?

பதில்: அதுதான் மேலே சொன்ன கட்டுக்கதை. ஊமைப்படமாக எடுத்து முடித்திருந்த ‘கேனரி கொலை வழக்கு’ என்ற படத்தைப் பேசும்படமாக மாற்ற விரும்பிய பாராமவுண்ட், குரல் கொடுக்க வரும்படி லூயிஸை அழைத்தது. வேலையை விட்டு அனுப்பியவர்களுக்கு எதற்காகப் பேச வேண்டும் என்று அவர் மறுத்தார். மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற நடிகையைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். லூயிஸின் குரல் ஒலிப்பதிவுக்கு ஒத்துவரவில்லை என்ற பேச்சும் அதன் பிறகே கிளம்பியது. 1930இல் பாரிசில் அவர் நடித்த ‘ப்ரீ த போத்தே’ படத்திலும் பிரெஞ்சு தெரியாத அவருக்கு வேறொருவர்தான் குரல் கொடுத்தார். அழகிப் போட்டியில் வென்று நடிகையான தட்டச்சுப் பெண், தன் முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பொறாமை கொண்ட கணவனால் சுடப்பட்டு இறக்க, திரையில் அவள் பாட்டு மட்டும் தொடர்ந்து ஒலிக்கும் கடைசிக் காட்சிக்கே அந்தப் படத்தைப் பார்க்கலாம். 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தபோது டி. பி. ராஜலட்சுமி தம் சொந்தக் குரலிலேயே பாடினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் நான் ரோஸ் ஹில் மாமனாரின் பக்கம். 1931இல் இயக்குநர் வெல்மேன் ‘பப்ளிக் எனிமி’ படத்தில் நல்ல வேடம் தர முன்வந்தபோது, நியூயார்க்கிலிருந்த காதலரைப் பார்க்கப் போக வேண்டும் என்று லூயிஸ் மறுத்தார். அந்த வேடம் ஜீன் ஹார்லோ என்ற நடிகைக்குப் போயிற்று. அதற்கு எந்த முதலாளியையும் குறை சொல்ல முடியாது. 1938இல் ஜான் வெயினோடு நடித்த ஒரு சில்லறைக் குதிரைவீரர் படம்தான் அவருடைய கடைசிப் படம்.

கேள்வி (திரியோலே வாசகி): அந்த முடிவெட்டு அவர் கண்டுபிடித்ததா?

பதில்: இல்லை. நடிகை கொலீன் மூர் அவருக்கு முன்பே அதைத் திரையில் பரப்பிவிட்டார். லூயிஸின் முகத்துக்கு அது பொருந்தியது போல வேறு எவருக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் கோதார் தம் படமொன்றில் நடிகை அன்னா கரினாவுக்கு அதே மாதிரி முடி வைத்தார்.

கேள்வி (மாயேபூர் வாசகர்): பிறகு எப்படிப் பிழைத்தார்?

பதில்: கஷ்டப்பட்டுத்தான். 1940இல் சொந்த மாநிலத்தின் விச்சிட்டா நகருக்குத் திரும்பி நடனப் பள்ளி நடத்தினார், அது நிலைக்கவில்லை. நியூயார்க்கில் வானொலி நாடகங்களில் பேசினார். பெரிய கடையொன்றில் விற்பனைப் பெண்ணாக நின்றார். மீட்டெடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1955இல் பாரிசில் நடந்த திரைப்படக் கண்காட்சியில், கார்போவும் இல்லை, டீட்ரிக்கும் இல்லை, லூயிஸ் புரூக்ஸ் மட்டுமே உண்டு என்று, அக்காலப் பெரு நடிகைகள் இருவரையும் ஒதுக்கி, பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தின் ஹென்றி லாங்லுவா முழங்கினார். ஜேம்ஸ் கார்டு என்ற படக் காப்பாளரின் தூண்டுதலால் 1956இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்த லூயிஸ், பழைய படங்களைப் பார்த்தும் படித்தும், நடிகர் போகார்ட் முதலிய தம் காலத்தவர்களைப் பற்றிக் கூர்மையான கட்டுரைகள் எழுதினார். அதற்கு முன் எழுதி முடித்த சுயசரிதையையோ எரித்துவிட்டார். அந்தரங்கத்தை உள்ளபடி எழுத மனமில்லாதபோது வாழ்க்கை வரலாறு எழுதுவது வீண் என்பது அவர் வாதம். கட்டுரைகள் 1982இல் நூலாயின. 1985 ஆகஸ்ட் 8 அன்று, 78 வயதில் காலமானார்.

கேள்வி (காத்ர் போர்ன் வாசகி): எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்?

பதில்: ‘பண்டோராவின் பெட்டி’யை. ஆனால் பிரதியைப் பார்த்து வாங்குங்கள். முழுப்படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அக்காலத்தில் பிரான்சில் காட்டிய பிரதியில் தணிக்கைக்கு அஞ்சி, லூலுவைக் கைவிட நினைத்தவரின் மகனை அவருடைய செயலாளர் ஆக்கினார்கள், நீதிமன்றத்தில் லூலுவை விடுதலை செய்தார்கள், கடைசியில் இரட்சணிய சேனை என்ற கிறித்துவத் தொண்டு அமைப்பிலும் சேர்த்துவிட்டார்கள். தங்களுக்குக் கிடைக்கும் பிரதியில் லூலு இரட்சணிய சேனையில் சேர்ந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.