2 செ.மீ. தள்ளி வெட்டியும் அறிக்கையில் 11 மி.மீ. ஏன்?

கேள்வி: எங்கள் 8 வயது லாப்ரடார் நாயின் விலாப்புறத்தில் இருந்த கட்டியை, சுற்றிலும் 2 செ.மீ. தள்ளி வெட்டி எடுத்ததாக மருத்துவர் கூறினார். பயாப்ஸி அறிக்கையிலோ, 'மாஸ்ட் செல் கட்டி, கிரேடு 2. விளிம்புகளில் கட்டி இல்லை. இடைவெளி பக்கவாட்டில் 11 மி.மீ., அடிப்புறத்தில் 2 மி.மீ.' என்று இருக்கிறது. மீதி எங்கே போயிற்று? மறுபடியும் அறுவை சிகிச்சை தேவையா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மாஸ்ட் செல் கட்டி என்பது நாய்களின் தோலில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி. உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு அளவுகளும் உண்மையாக இருக்கலாம். உடலிலிருந்து அறுத்தெடுத்த சில நிமிடங்களிலேயே தோல் சுருங்கி, ஓரங்கள் சுருண்டுகொள்ளும். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறும்போது இன்னும் சற்று இறுகும். மேலும், அறுவை மருத்துவர் விரலுக்குத் தட்டுப்படும் கட்டியின் ஓரத்திலிருந்து அளக்கிறார். பரிசோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவரோ நுண்ணோக்கியில் தெரியும் கடைசிப் புற்றணுவிலிருந்து அளக்கிறார். ஆகவே 11 மி.மீ. என்பதைக் கண்டு அறுவை மருத்துவர் மீது ஐயம் கொள்ள வேண்டாம்.

'விளிம்புகளில் கட்டி இல்லை' என்ற சொற்றொடரைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்லைடில் வைக்கப்படும் சீவல் ஒன்றின் தடிமன் 4 அல்லது 5 மைக்ரான்தான். வழக்கமாக நான்கு திசைகளிலும் அடிப்புறத்திலுமாகச் சில சீவல்கள் மட்டுமே பார்க்கப்படுவதால், அந்தச் சொற்றொடர் பார்த்த இடங்களைப் பற்றியதே தவிர, வெட்டிய பரப்பு முழுவதையும் பற்றியது அல்ல. அந்தச் சில இடங்களாவது சரியான இடங்களாக அமைய வேண்டுமானால், திசுவை ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே அறுவைக் கத்தி பட்ட பரப்பில் மை பூசி, சில நிமிடம் உலரவிட்டு, தலைப்பக்கம் எது என்று காட்ட ஒரு தையல் போட்டு அனுப்ப வேண்டும். நுண்ணோக்கியில் அந்த மை கரையோரக் கோடு போலத் தெளிவாகத் தெரியும். புற்றணு மையைத் தொட்டிருந்தால் கட்டி முழுமையாக எடுபடவில்லை என்று பொருள். மை இல்லாவிட்டால், அறுவை அரங்கில் வெட்டிய ஓரம் எது, ஆய்வகத்தில் வெட்டிய ஓரம் எது என்று பிரித்தறிவது கடினம். சிறிய பாட்டிலின் வாய்க்குள் நுழையவில்லை என்பதற்காகத் திசுவை இரண்டாக வெட்டி அனுப்பிய மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய மாதிரியில் விளிம்பைப் பற்றி எதையும் உறுதியாக எழுத முடியாமல் போவது மிகுந்த வருத்தம் தருவது. உங்கள் அறிக்கையில் மை பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிப்புறத்து 2 மி.மீ. உங்களை அச்சுறுத்தியிருக்கக்கூடும். அங்கே மில்லிமீட்டரைவிட முக்கியம், அந்த இடைவெளியில் என்ன திசு இருக்கிறது என்பதே. கொழுப்பு கட்டியை எளிதில் ஊடுருவ விடும். தசையை மூடியிருக்கும் உறுதியான தசையுறையோ தடுப்புச் சுவராக நிற்கும். சிதையாத தசையுறை ஒரு படலம் கட்டியோடு சேர்ந்து வந்திருந்தால் 2 மி.மீ. போதுமானது என்றே நான் கருதுவேன்.

மறு அறுவையைத் தீர்மானிப்பதில் கிரேடுக்கு, அதாவது புற்றின் தீவிரத்தைக் குறிக்கும் படிநிலைக்கு, பெரும் பங்குண்டு. பழைய மூன்று கிரேடு முறையில் 'கிரேடு 2' என்பது மிகப் பரந்த தொகுதி. எனவே, 2011-இல் வெளியான இரண்டு கிரேடு முறைப்படி இது தாழ்நிலையா உயர்நிலையா என்று கேளுங்கள். தாழ்நிலையாக இருந்து விளிம்பும் சுத்தமாக இருந்தால், அதே இடத்தில் கட்டி திரும்புவது அரிது. மறு அறுவை வேண்டியதில்லை. உயர்நிலையாக இருந்தால் எவ்வளவு அகலமாக வெட்டியிருந்தாலும் அதோடு நிறுத்திவிட முடியாது. மேற்கொண்டு மருந்துச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இரண்டில் எதுவானாலும், அப்பகுதிக்குரிய நிணநீர்க் கணுவை, அது வீங்காமல் இருந்தாலும், ஊசியால் உறிஞ்சிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஐயம் தீரவில்லையென்றால், மீதமுள்ள திசுவிலிருந்து கூடுதல் சீவல்கள் எடுத்துப் பார்க்கும்படி ஆய்வகத்தைக் கேட்கலாம். ஆனால் ஃபார்மலினில் உள்ள திசுவை ஆய்வகங்கள் நெடுநாள் வைத்திருப்பதில்லை. இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.