முல்லைத்தீவுக்கு வாறீங்களா? கேள்வியும் பதிலும்

சிலாவத்தைப் பக்கம் குடியிருக்கிறேன். விடுமுறைக்கு முல்லைத்தீவு வர இருப்பவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அறை வாடகையையும் விமானச் சீட்டையும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா: ஆடியில் பிள்ளைகளோடு வருகிறோம். கடல் எப்படி இருக்கும்?

நல்ல நேரம் அக்கா. சோளகம் என்கிற தென்மேல் காற்று தரைப்பக்கமிருந்து கடலுக்கு வீசும், அதனால் எங்கள் கரையில் அலை தணிந்து கிடக்கும். கரைவலை இழுப்பதும் இந்தக் காலத்தில்தான். விடியவே கடற்கரைக்குப் போங்கள். வலையின் இரண்டு கயிற்றையும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தபடி ஒரு பக்கத்தை நோக்கி மற்றப் பக்கம் நகர்ந்து வருவார்கள். மீன் சேர்ந்திருக்கும் வலையின் மடி கரையேறும்போது பிள்ளைகளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேச்சு வாங்குவீர்கள். சூடையும் நெத்தலியும் அங்கேயே வாங்கலாம். பிள்ளைகள் கால் நனைக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி: ரயிலில் வரலாமா?

முல்லைத்தீவுக்குத் தண்டவாளம் இல்லை. யாழ்ப்பாண ரயிலில் வந்து மாங்குளத்தில் இறங்கி பஸ் எடுங்கள். ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்குக் கிட்டவுள்ள கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததற்கு வெள்ளைக்காரர் நட்ட கல்லைப் பற்றி யாரிடமும் கேட்கலாம். அதே ஆண்டில்தான் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அதைப்பற்றி அவர்கள் கல் எதுவும் நடவில்லை!

யாழ்ப்பாணத்திலிருந்து: நாங்கள் பரந்தனால் வருகிறோம்.

வாருங்கள். மழைக்காலமென்றால் வட்டுவாகல் பாலத்தால் போகலாமா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நந்திக்கடல் களப்பு நிரம்பினால் பாலத்தை நம்ப முடியாது.

லண்டனிலிருந்து ஒரு தங்கச்சி: வற்றாப்பளையில் கடல்தண்ணீரில் விளக்கு எரிப்பார்கள் என்று அம்மா சொல்லுவா. எப்போது வந்தால் பார்க்கலாம்?

வைகாசியில், தங்கச்சி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் திங்கட்கிழமை வரும், ஆனால் அன்றைக்கு மட்டும் வந்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். அதற்கு முந்திய கிழமையே சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அங்கே அந்தத் தண்ணீரில் விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று அங்கிருந்துதான் வற்றாப்பளைக்கு வரும். மதுரையை எரித்த கண்ணகி கிழவி வேடத்தில் நந்திக்கடல் கரைக்கு வந்தா, மாடு மேய்த்த பெடியள் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னா, பிறகு தலையில் பேன் பார்த்தவர்களுக்கு உச்சி முழுக்கக் கண் தெரிந்தது என்பது இங்கத்தைய கதை. உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள், வந்து விளக்கைப் பாருங்கள். பொங்கலிரவு சனம் நெரியும். வாகனத்தைத் தூரவே விட்டுவிட்டு நடவுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, கால் நனை, கால் நனை என்று சனத்தை வெருட்டாதேங்கோ. நான் சின்னனிலேயே அங்கே குளிச்சனான்.

குளித்தீர்கள், வந்தீர்கள். சந்தோஷம். ஆனால் எந்த இடத்தில் குளித்தீர்கள் என்று சொல்லவில்லையே? அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பவேண்டும். வெளியே மணல்திட்டு இருந்தால், அதில் பள்ளமான வாய் எதுவோ அதற்குள்ளால் எல்லாம் சேர்ந்து ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கொஞ்சம் கறுத்து அமைதியாகத் தெரியும். புதிதாக வந்தவர் "இதுதான் நல்ல இடம்" என்று சரியாக அதற்குள்ளேதான் இறங்குவார். இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது, களைத்துவிடுவீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையைவிட்டு வெளியே வந்து பிறகு திரும்பவேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்குங்கள்.

அளம்பிலிலிருந்து ஒருவர்: சோளகத்திலே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தம்பி சொல்வதில் என்ன பிழை?

மேலே அலை இல்லை என்பது சரி, அதை நானே சொன்னேன். கரை சரிந்து இறங்குகிற இடத்தில் நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு. நாயாறு, கொக்கிளாய், வட்டுவாகல் முகத்துவாரங்களில் எந்தக் காற்றிலும் இறங்கக்கூடாது. மாரியில் வெள்ளம் வடிய மண்ணை வெட்டிவிட்டால் நந்திக்கடல் முழுக்க வட்டுவாகல் வாயால்தான் கடலுக்குப் பாயும். நீங்கள் கடலோடு வளர்ந்தவர், உங்களுக்கு இது தெரியும். பஸ் பிடித்து வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியுமா?

வவுனியாத் தம்பி மீண்டும்: அப்ப குளிக்கவே கூடாதா?

உள்ளூர் மீனவர் ஒருவர் இடம் காட்டி, பக்கத்தில் நின்றால் இடுப்பளவில் குளியுங்கள். மது எடுத்திருந்தால் அதுவும் இல்லை. இதற்கு மேல் உங்களோடு இதைப் பற்றிக் கதைக்கமாட்டேன்.

மட்டக்களப்பிலிருந்து: பறவைகள் பார்க்க?

கொக்கிளாய் களப்பு. 1951 முதல் சரணாலயம். பூநாரையும் கூழைக்கடாவும் பார்க்க ஐப்பசி கழிந்து பங்குனிக்கு முன்னர் வாருங்கள். கடல் கொந்தளிக்கிற மாதங்களும் இதற்குள்தான் வரும், எனவே ஒரே பயணத்தில் பறவையையும் அமைதியான கடலையும் எதிர்பார்க்காதீர்கள். படமெடுக்கிறேன் என்று பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். மிதிவெடிப் பலகை நிற்கிற இடத்தில் அந்தப் பக்கம் ஒரு எட்டும் வைக்காதீர்கள்.

முள்ளிவாய்க்கால் பார்க்கிற இடமா?

சுற்றுலா இடமல்ல. மே 18 அன்று வருபவர்கள் போரில் இழந்த தங்கள் ஆட்களை நினைத்து அழ வருகிறார்கள். போங்கள், தலை குனிந்து நில்லுங்கள். செல்பி வேண்டாம்.

கண்டியிலிருந்து: கடலில் குளிக்கலாமா?

மேலே வாசியுங்கள்.

நோர்வேயிலிருந்து ஒரு அண்ணை: பாலைப்பழம் இன்னும் கிடைக்குமா?

வைகாசி, ஆனியில் வந்தால் றோட்டுக்கரையில் வாங்கலாம். காட்டுக்குள் தேடிப் போகவேண்டாம், காரணம் மேலே சொன்ன மிதிவெடிதான். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் பால் உதட்டில் ஒட்டிப் பிசினாகிவிடும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் துடையுங்கள், போய்விடும்.