பதிவாகாத சங்கத்தின் ரசீது யாரைச் சிக்கவைக்கும்?

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கான கணக்கு மென்பொருளைக் கட்டற்ற மென்பொருளாக எழுத, நானும் நண்பரும் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினோம். பட்டறைக்காரர்களும் நிரலாளர்களுமாக 41 பேர் தலா ரூ.10,000 பங்குத் தொகை கட்டினர். சங்கத்தைப் பதிவு செய்யவில்லை. பொருளாளராக நான் ரசீது கொடுத்தேன். பணம் நண்பரின் வங்கிக் கணக்கில் இருந்தது. ஊதியம் போக மீதமுள்ள ரூ.1,50,000-ஐயும் மூலநிரலையும் எடுத்துக்கொண்டு அவர் பெங்களூரு போய்விட்டார். சகோதரனாக நினைத்தவர் செய்த துரோகம் இது. மோசடிப் புகார் கொடுக்கலாமா? கோழிக்கோட்டில் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மென்பொருள் பூங்காவே நடத்தும்போது நாங்கள் செய்தது மட்டும் தவறா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: நட்பு முறிந்த கதையை நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள், வழக்கில் அதற்கு இடமில்லை. மூலநிரலைத் திருடிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வெளியிட்ட மென்பொருளை அவர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம். பதிப்புரிமையை எழுத்து மூலம் எவரும் மாற்றித் தராத நிலையில், பதிவே பெறாத சங்கம் அதற்கு உரிமையாளராகவும் முடியாது. ஊராளுங்கல் சங்கம் 1925 முதல் இயங்குகிறது; அது பதிவு பெற்ற சங்கம், உங்களுடையது அப்படியன்று.

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய ரசீதின் படம்தான் இங்கு முக்கியம். 'உறுப்பினர் விலகும்போது ஆண்டுக்கு 9 சதவீதம் சேர்த்துத் திருப்பித் தரப்படும்' என்ற வரி அதில் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே இருப்பது உங்கள் கையொப்பம். திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தை, அதற்குப் பங்கு என்று பெயரிட்டாலும் நன்கொடை என்று பெயரிட்டாலும், 2019ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்கீழ் வைப்புத் தொகை என்று காவல்துறை கொள்ளக்கூடும். பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. வைப்புத் தொகை பெற்றதற்கான தண்டனை குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்குகிறது. பிணையை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். நீங்கள் வைப்புத் தொழில் நடத்தவில்லை என்று வாதிடலாம், அது நல்ல வாதமும்கூட. ஆனால் அந்த வாதத்துக்குப் பெரும்பாலும் கைதுக்குப் பிறகே வேளை வருகிறது. உறுப்பினர்கள் ஐம்பதைத் தாண்டியிருந்தால் பதிவில்லாமல் அத்தனை பேர் கூடித் தொழில் நடத்துவதைத் தடுக்கும் கம்பெனிச் சட்டத்தின் 464ஆம் பிரிவும் சேர்ந்திருக்கும்.

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடும் சிலர் உலர்த்தும் எந்திரம் வாங்க இவ்வாறே பணம் திரட்டினர். செயலாளர் கணக்குக் காட்டவில்லை என்று பொருளாளர் புகார் கொடுத்தார். காவல்துறை முதலில் கைப்பற்றியது ரசீதுப் புத்தகத்தை. அதில் இருந்த கையொப்பம் முழுவதும் புகார் கொடுத்தவருடையது. அவர் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட பின்புதான் என்னிடம் வந்தார். அதற்குள், முன்னர் வாய் திறக்காத உறுப்பினர்களும் பணத்தைக் கேட்டுத் தனித்தனியாக மனு கொடுத்துவிட்டனர். இத்தகைய வழக்கு பதிவான பிறகு நீங்களும் நண்பரும் கைகுலுக்கிச் சமாதானமானாலும் அது தானாக முடிந்துவிடாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதிலும் இதே ஆபத்து உண்டு: 'கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரில் நாம் வசூலித்த தொகை' என்று நீங்கள் எழுதும் வாக்கியம் பின்னர் உங்களுக்கு எதிரான ஒப்புதலாக வாசிக்கப்படும். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதும் விளக்கங்களும் அப்படியே.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்து, ரூ.1,50,000 எப்படித் திரும்பும் என்பதை முத்திரைத்தாளில் எழுதி முடியுங்கள். 9 சதவீதத்தை விட்டுக்கொடுத்து எவ்வளவு பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று 41 பேரிடமும் கேட்டு, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வங்கி மூலம் கொடுங்கள். சத்தம் போடுபவருக்கு மட்டும் முதலில் கொடுத்தால் மற்றவர்கள் புகாருக்குப் போவார்கள். ஒவ்வொருவரிடமும் பழைய ரசீதைத் திரும்பப் பெற்று, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். குறையும் தொகையில் உங்கள் கையிலிருந்து கொஞ்சம் போகும். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

நிரலாளர்களுக்கு ஊதியம் தரும் ஏற்பாட்டைத் தொடர விரும்பினால், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவுச் சான்று கைக்கு வந்த பின் முதல் பங்குத் தொகையை வாங்குங்கள். அதுவரை 'கூட்டுறவு' என்ற சொல்லையே பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்காது என்பதால், பெயர்ப் பலகையையும் எஞ்சிய ரசீதுப் புத்தகங்களின் பயன்பாட்டையும் இன்றே நிறுத்துங்கள். ஆனால் பழைய அடிக்கட்டைகளைக் கிழிக்க வேண்டாம், அது தனிக் குற்றமாகிவிடும்.