மானுக்கு ஆரஞ்சு தெரியாது, மடையானுக்கு எல்லாம் தெரியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு நண்பர்களோடு மான் வேட்டைக்கும் வாத்து வேட்டைக்கும் போகிறான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். வாத்துக்குப் போகும்போது இலைதழை அச்சடித்த உடை, முகத்துக்கு வலை. மானுக்குப் போகும்போது கண்ணைக் கூசும் ஆரஞ்சுக் கோட்டு, ஆரஞ்சுத் தொப்பி. மாற்றிப் போட்டுக்கொண்டானா? இந்த உடைகளால் உண்மையிலேயே பலன் உண்டா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பையன் சரியாகத்தான் போட்டிருக்கிறார் அம்மா. அந்த ஆரஞ்சு மானுக்காக இல்லை, பக்கத்துப் புதரில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்காக. விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே இருக்கும் உடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2016 முதல் பளீர் ரோஸ் நிறமும் போடலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். வாத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. பிரான்சிலும் 2019-ல் வந்த சட்டப்படி, கூட்டமாகச் சேர்ந்து மான், காட்டுப்பன்றி வேட்டையாடுகிறவர்கள் பளீர் நிற மேலங்கி போட்டே ஆக வேண்டும். புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் இல்லாத தெரு குறைவு என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

அவ்வளவு பளிச்சென்று போனால் மான் பார்த்துவிடாதா என்றால், அந்த நிறத்தால் மட்டும் பார்க்காது. நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று பச்சை–மஞ்சளுக்கு. சிவப்புக்கென்று தனியாக எதுவும் கிடையாது. வெள்ளைவால் மானின் கண்ணை 1990-களில் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது அந்த இரண்டாவது வகை 537 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்குப் பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. வேட்டைக் கோட்டின் ஆரஞ்சோ 600-ஐ ஒட்டி இருக்கிறது. அதனால் நமக்குப் பற்றி எரிகிற மாதிரித் தெரியும் கோட்டு, மானுக்குக் காய்ந்த சருகு நிறத்தில் மங்கிக் கிடக்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது: புலி. பச்சைக் காட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் திரிகிற மிருகம் எப்படிப் பட்டினி கிடக்காமல் பிழைக்கிறது என்று சின்ன வயதில் யாராவது யோசித்திருப்பீர்கள். பாலூட்டிகளின் ரோமத்தில் பச்சை நிறச் சாயம் கிடையாது, அது புலிக்குத் தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சும் இலைப் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே கறுப்புக் கோடு வேறு, உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் துண்டு துண்டாக்கிவிடுகிறது. வேட்டை உடையின் இலைதழை அச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. நிறத்தை மறைப்பதைவிட, மனித உருவத்தின் ஓரத்தை உடைப்பதுதான் அதன் பயன்.

மானுக்கு நன்றாகத் தெரிவது நீலம். நமக்குத் தெரியாத புற ஊதாவின் ஒரு பகுதியும் அதன் கண்ணுக்குள் போகிறது. நம் கண்ணின் லென்ஸ் அதை வடிகட்டிவிடும், மானின் லென்ஸ் வடிகட்டாது. ஆக, மான் முன்னால் போட்டுக்கொண்டு போகவே கூடாத உடை என்று ஒன்றைச் சொல்வதானால் அது நீல ஜீன்ஸ். இன்னொன்று, பளபளப்புக்காகப் பல சலவைத் தூள்களில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள், அது புற ஊதாவை வாங்கி நீலமாக வெளியே விடும். விலை கொடுத்து வாங்கிய இலைதழை உடையை அந்தத் தூளில் நாலு முறை துவைத்தால், விடியற்கால மங்கல் வெளிச்சத்தில் மான் கண்ணுக்கு அது மினுமினுக்கும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் பளபளப்புச் சேர்க்காத சோப்பில் துவைப்பது இதனால்தான்.

ஆனால் மான் விஷயத்தில் உடை மூன்றாவது இடம்தான். முதலிடம் காற்று. நீங்கள் எந்த நிறத்தில் இருந்தாலும் உங்கள் மேல் பட்ட காற்று வாசனையோடு மானை நோக்கிப் போனால் கதை முடிந்தது. இரண்டாவது அசைவு. தலையின் பக்கவாட்டில் கண் இருப்பதால், மான் தலையைத் திருப்பாமலே பின்பக்கம் கொஞ்சம் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருக்கும். அசையாமல் நிற்கும் ஆரஞ்சுக் கோட்டைத் தாண்டிப் போய்விடும், இலைதழை உடையில் மூக்கைச் சொறியத் தூக்கிய கையைப் பார்த்து ஓடிவிடும்.

பறவைகளிடம் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. நிறம் அறியும் செல் பறவைக்கு நான்கு வகை. நாம் பார்க்கிற சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் அதற்கும் தெரியும், அதற்கு மேலும் தெரியும். வாத்துக்குக் கண் அமைந்திருக்கும் இடம் அப்படி, சுற்றிலும் 360 டிகிரி, தலைக்கு மேலேயும் பார்க்கும். வானத்தில் வட்டமிட்டுக் குளத்தில் இறங்கலாமா என்று யோசிக்கும் வாத்துக்கு, கீழே கோரைக்குள் நிமிர்ந்து பார்க்கும் மனித முகம் வெள்ளைத் தட்டு வைத்த மாதிரி தெரியும். அதனால்தான் முகத்துக்கு வலை, கைக்கு உறை. நம்ம ஊர் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை மான் கண்டுகொள்ளாது, ஊசுட்டேரியில் நிற்கும் மடையான் கொக்கு மட்டும் அக்கரையிலிருந்தே பார்த்துவிடும்.

கேள்வி: சார், நான் காலேஜ் மாணவன். பறவைப் படம் எடுக்க ஆன்லைனில் பேன்ட், சட்டை, தொப்பி என்று முழு செட்டாக இலைதழை அச்சடித்த காமோ உடை வாங்கினேன். பெருமாள் ஏரிக்குப் போனால் அப்போதும் கரையில் கால் வைத்ததுமே எல்லாம் பறந்துவிடுகின்றன. உடை போலியா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உடை போலி இல்லை தம்பி, கரைதான் காரணம். ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் உங்களுக்குப் பின்னால் வெறும் வானம். நீங்கள் பச்சை போட்டாலும் பழுப்புப் போட்டாலும் கீழே தண்ணீரில் நிற்கும் நாரைக்கு நீங்கள் வானத்தில் ஒட்டிய கறுப்பு உருவம், அவ்வளவுதான். கரையின் சரிவில் இறங்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு கருவேலமோ தாழைப் புதரோ இருக்கும்படி உட்கார்ந்துவிடுங்கள். சூரியனும் முதுகுப்பக்கம் இருந்தால் படத்துக்கும் நல்லது, பறவைக்குக் கண் கூசுவதால் உங்களுக்கும் நல்லது.

அப்புறம், நேராக நடக்காதீர்கள். பறவையைப் பார்த்துக்கொண்டே நேர்கோட்டில் வருகிறவன் அதற்கு நரியும் நாயும்தான். வேறு எங்கோ போகிறவர் மாதிரி சாய்வாகப் போங்கள், நடுநடுவே நில்லுங்கள், எதிரில் இருப்பதன் முகத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள். பவளக்கால் உள்ளான் கூட்டத்தைக் கவனித்தால் பறக்கும் முன் அது என்ன செய்கிறது என்று தெரியும். முதலில் மேய்ச்சல் நிற்கும். கழுத்து குச்சி மாதிரி நிமிரும். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு அடி வைக்கும், ஒன்று ‘கிக் கிக்’ என்று கத்தத் தொடங்கும். கழுத்து நிமிர்ந்ததுமே நீங்கள் நின்றுவிட்டால் மறுபடி மேயப் போய்விடும். அதற்கு மேல் ஒரு அடி வைத்தீர்களோ, மொத்தக் கூட்டமும் மேலே.

காமோ உடை போட வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கியாயிற்று, போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பளபளக்கும் வாட்சைக் கழற்றுங்கள், வெள்ளை லென்ஸ் என்றால் ஒரு பழைய காக்கித் துணியைச் சுற்றுங்கள், முகத்தையும் கையையும் மூடுங்கள். இதையெல்லாம் செய்தால் மங்கிய காக்கிச் சட்டையே போதும். அதைவிட மலிவான வழி, காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டு எடுப்பது. காரைப் பறவைகள் பெரிதாக மதிப்பதில்லை, கதவு திறந்து இரண்டு கால் வெளியே வந்தால்தான் பயம்.

மறைந்து நிற்பதைக் கற்றுக்கொள்ள வயல் வரப்பில் நிற்கும் மடையானைப் பாருங்கள். முதுகு முழுக்க மண் நிறம், கழுத்தில் காய்ந்த கோரை மாதிரிக் கோடுகள். உங்கள் காலடியிலிருந்து அது எழும்போதுதான் வெள்ளை இறக்கை விரிந்து, இத்தனை நேரம் இங்கேயா இருந்தது என்று திகைப்பீர்கள். அந்த உடம்பில் இருக்கும் நிறம் பாதி வேலைதான் செய்கிறது, மீதி வேலை அது அசையாமல் நிற்பது. தலையை ஒரு முறை திருப்பினால் போச்சு, நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கேள்வி: தலையில் மண்பானையைக் கவிழ்த்துக்கொண்டு ஏரியில் இறங்கி வாத்து பிடிப்பார்கள் என்று தாத்தா சொல்வார். கதைதானே?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: கதை இல்லை. இந்தியாவில் பல இடங்களில் இப்படிப் பிடித்ததை அந்தக் காலத்து வேட்டைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். முதலில் சில நாள் வெறும் பானைகளை ஏரியில் மிதக்கவிடுவார்கள். வாத்துகள் பழகிவிடும், பானைக்குப் பக்கத்திலேயே மேயும். பிறகு ஒரு நாள் ஒரு பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் ஆள் மெல்ல நகர்ந்து வருவார். வாத்தின் காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடுவார், பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது. மாட்டின் பின்னால் ஒளிந்து நடந்து கொக்குகளை நெருங்கிய ஆட்களும் உண்டு. எருமை முதுகிலேயே உட்காரும் உண்ணிக்கொக்குக்கு எருமையைப் பார்த்து என்ன பயம்? ஆக, மனுஷன் மாதிரி தெரியாமல் இருந்தால் போதும். இதைத் தெரிந்துவைத்திருந்தவர்களுக்கு இலை அச்சடித்த துணி தேவைப்படவில்லை. முறை உண்மை, இன்றைக்குச் செய்தால் ஜெயில். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: ஏர்கன் வைத்துக் கொக்கு, உள்ளான் சுடுவது பெரிய குற்றமா? எங்கள் பக்கம் முன்பெல்லாம் சர்வசாதாரணம்.
– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்துப் பிடிப்பது, விரட்டுவது, பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். எந்த ஆயுதத்தால் என்று சட்டம் பார்ப்பதில்லை, ஏர்கன் என்பதால் தப்ப முடியாது. கேமராக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும், கிளையை ஒடித்துக் கூட்டைப் படம் எடுக்கிறவர்களும் இந்த வரிக்குள்தான் வருகிறார்கள். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லும், மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021-லும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டன. அங்கே விதிகள் இன்னும் கடுமை. முன்பு சர்வசாதாரணம் என்கிறீர்கள். வேடந்தாங்கல்காரர்கள் வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவை சுடுவதை நிறுத்தச் சொல்லி கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கியது 18-ம் நூற்றாண்டின் கடைசியில், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிலிட்டரி டிசைன் பேன்ட் போட்டுக்கொண்டு பறவை பார்க்கப் போனால் போலீஸ் பிடிக்குமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ராணுவக்காரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு போட்டால்தான் குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. அந்த நோக்கம் உங்களுக்கு இல்லை என்றாலும், 2022-ல் வந்த ராணுவத்தின் புதிய டிசைனை அவர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதைப் போல இருப்பதை வாங்காதீர்கள். கடலோரத்தில், துறைமுகம் பக்கத்தில், பெரிய லென்ஸும் மிலிட்டரி பேன்டுமாக அலைந்தால் யாராவது கூப்பிட்டு விசாரிக்கத்தான் செய்வார்கள். காக்கியோ சாம்பல் நிறமோ போட்டுக்கொண்டு போங்கள், பறவைக்கும் அதுவே போதும்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பறவை காட்ட பிச்சாவரம் அழைத்துப் போகிறோம். யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை. மாற்றச் சொல்லலாமா?
– ஆசிரியை, சிதம்பரம்

பதில்: வெள்ளை எல்லாவற்றையும்விட மோசமான நிறம்தான், ஆனால் சட்டை மாற்றச் சொல்லிப் பெற்றோரைச் செலவுக்கு இழுக்க வேண்டாம் டீச்சர். அங்கே எல்லாரும் போட வேண்டிய லைஃப் ஜாக்கெட் அதைவிடப் பளிச்சென்று இருக்கும், அதைக் கழற்றவும் கூடாது. மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகு கேளுங்கள், காலையில் சீக்கிரம் போங்கள், சுரபுன்னைக் கால்வாய்க்குள் நுழைந்ததும் படகுக்காரரிடம் சொல்லிக் கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் விரலை நீட்டிக் காட்டாமல் வாயால் திசை சொல்லப் பழக்குங்கள். சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் படகுத்துறையிலேயே பிரித்துத் தின்று தீர்த்துவிடட்டும், அந்தக் கரகர சத்தத்துக்குக் கிளையில் இருக்கும் மீன்கொத்தி காத்திருக்காது.