எக்லெக்டஸ் கிளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எக்லெக்டஸ் வளர்ப்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். மற்ற கிளிகளுக்குப் பழகிய முறையை அப்படியே இதற்கும் பின்பற்றுவதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

ஜோடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டுமே பச்சையாக இருக்கின்றன. எது ஆண், எது பெண்?

இரண்டும் ஆண்தான். ஆண் பளிச்சென்ற பச்சை, மேல் அலகு ஆரஞ்சு. பெண் நல்ல சிவப்பு, வயிற்றுப் பக்கம் நீலமோ ஊதாவோ இருக்கும், அலகு கறுப்பு. குஞ்சுக்கு இறகு முளைக்கும்போதே நிறம் தெரிந்துவிடும். இந்த வேறுபாட்டைப் பார்த்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அறிவியலாளர்களே இவற்றை இரண்டு தனி இனங்களாகத்தான் எண்ணியிருந்தார்கள். இரண்டு ஆண்களும் சண்டையில்லாமல் இருந்தால் சேர்ந்தே இருக்கட்டும்.

உட்கார்ந்த இடத்திலேயே கால்விரல்களை மடக்கி மடக்கி விரிக்கிறது, இறக்கையை வெடுக்கென்று உதறுகிறது. சத்துக் குறைவோ என்று வைட்டமின் சொட்டு மருந்தைக் கூட்டியிருக்கிறேன்.

முதலில் அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். இந்த இரண்டு அறிகுறிகளும் எக்லெக்டஸில் அடிக்கடி காணப்படுபவை. செயற்கை வைட்டமின்களும் சாயம் போட்ட பெல்லட்டும் (கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்) அதிகமாவதுதான் காரணம் என்று பறவை மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் கால்சியம் குறைந்தாலும் இப்படி வரலாம். அதனால் நீங்களாக முடிவு கட்டாமல் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நியூகினி, சாலமன் தீவுகள், ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் பகுதி மழைக்காடுகளில் பழம், மொட்டு, பூ, கொட்டை என்று தின்று வாழும் பறவை இது. உலர்ந்த விதையைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைப்பது இதற்குச் சரிப்படாது. கேரட், பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, சிவப்புக் குடைமிளகாய், கீரை, முளைகட்டிய பயறு, பப்பாளி எல்லாம் தினமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இதற்குத் தேவையான வைட்டமின் ஏ ஆரஞ்சு நிறக் காய்களிலிருந்தே கிடைத்துவிடும். மாதுளை கொடுத்தால் ஒவ்வொரு முத்தாக அலகில் இடுக்கி, நாக்கால் அழுத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் கீழே போடும். சுவரெல்லாம் கறையாகும், பரவாயில்லை. ஈரமான உணவை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அவகாடோ, சாக்லேட் இரண்டும் நஞ்சு.

சாதுவாக இருந்த பெண் கிளி இப்போது சோபாவுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. கையை நீட்டினால் ரத்தம் வரக் கடிக்கிறது.

அதற்குக் கோபம் இல்லை, கூடு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறது. முட்டையிட ஏற்ற மரப்பொந்து காட்டில் எளிதில் அமையாது. அதனால் பெண் எக்லெக்டஸ் வருடத்தில் 11 மாதம் வரைகூடப் பொந்தைக் காவல் காத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆண்கள் இரை கொண்டுவந்து ஊட்டும். உங்கள் வீட்டில் சோபா பொந்தாகிவிட்டது, நீங்கள் அதைப் பறிக்க வருபவராகிவிட்டீர்கள்.

சோபா அடியை அடைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டி, துணிக்குடில் எதுவும் கண்ணில் படக்கூடாது. இரவில் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள். முதுகைத் தடவாதீர்கள், தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண் துணை இல்லாமலும் முட்டை இடும். முட்டை வெளிவராமல் முக்கிக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நோயா?

பெரும்பாலும் இல்லை, இதன் சுபாவமே நிதானம். புதிதாக எதையாவது பார்த்தால் சிலைபோல் நின்றுவிடும். ஆனால் கிளிகள் நோயை மறைக்கக் கூடியவை என்பதால் தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தீவனத்துக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், பார்க்க எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தாலும் அப்படியே.

சமையலறையில் கூண்டை வைக்கலாமா?

கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, நமக்கு வாசனைகூடத் தெரியாத நிலையிலேயே, சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். பக்கத்து அறையில் இருந்தாலும் ஆபத்துதான். கிளி இருக்கும் வீட்டில் அந்தப் பாத்திரமே வேண்டாம்.