பழைய சேலைத் தூளியும் பாச்சை உருண்டையும்

கேள்வி: எனக்கு ஆண் குழந்தை பிறந்து 25 நாள் ஆகிறது. குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 'ஜி6பிடி குறைபாடு' என்று வந்திருக்கிறது. நான் தாய்மாமனைத் திருமணம் செய்துகொண்டவள். அதனால்தான் இப்படி என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பருப்பு, பயறு, சோயா, அவரைக்காய், ஆரஞ்சு எதுவும் ஆகாது என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். தடுப்பூசி போடலாமா? மூளை வளர்ச்சி பாதிக்குமா? கணவர் குவைத்தில் இருக்கிறார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

நீங்கள் தாய்மாமனைக் கட்டியதால் இது வரவில்லை அம்மா. இந்த வரியை வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி படித்துக் காட்டுங்கள். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி (என்சைம்). அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும்தான் வரும். தந்தை கொடுப்பது ஒய். அதனால் நீங்கள் முன்பின் தெரியாத ஊரில் மாப்பிள்ளை எடுத்திருந்தாலும் இந்தப் பையனுக்கு இதே வாய்ப்புதான் இருந்திருக்கும். நெருங்கிய சொந்தத்தில் மணப்பதால் கூடுகிற நோய்கள் உண்டு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை போல. அதை நான் மறுக்கவில்லை. இந்தப் பழியை மட்டும் அதன் மேல் போடாதீர்கள்.

'அப்படியென்றால் என்னிடமிருந்துதானே வந்தது' என்று இன்றிரவு அழப்போகிறீர்கள். வேண்டாம். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், அரபு நாடுகள், இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், மலேரியா தலைமுறை தலைமுறையாக மக்களை வாரிக்கொண்டு போன இடங்கள் அவை. இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களின் சிவப்பணுக்களில் மலேரியாக் கிருமி சுகமாகக் குடியிருக்க முடிவதில்லை. அதனால் அவர்களில் கூடுதலான பேர் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். சில ரத்தக் குறைபாடுகள் மலேரியாவிலிருந்து காப்பதால்தான் மறையாமல் நிற்கின்றன என்ற கருத்தை 1949-லேயே தலசீமியாவை வைத்து முன்வைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். உங்கள் வம்சத்தில் யாரோ ஒரு பாட்டி காய்ச்சலில் சாகாமல் தப்பியதற்கு இந்த மரபணுவே காரணமாக இருந்திருக்கலாம். இதில் குற்றவாளி யாரும் இல்லை.

சரி, இப்போது கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சில ரசாயனங்களும் கிருமித் தொற்றும் சிவப்பணுவை அரிக்கும்போது அதைத் தடுத்துக் காப்பது இந்த நொதி. அது குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். உடைந்த அணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமி சிறுநீரில் இறங்கும். எனவே நீங்கள் பார்க்க வேண்டிய முக்கியமான அடையாளம் ஒன்று: சிறுநீர் பால் கலக்காத டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவது. கைக்குழந்தையின் சிறுநீர் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும். டயப்பரில் இது சரியாகத் தெரியாது. அதனால் கொஞ்ச நாளைக்கு வெள்ளைப் பருத்தித் துணி கட்டுங்கள். நிறம் கருத்தாலோ, கண்ணும் உடம்பும் மஞ்சளடித்தாலோ, உள்ளங்கை வெளுத்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீழாநெல்லி அரைத்துப் புகட்டுவது, இளவெயிலில் காட்டுவது, உரை மருந்து உரசிக் கொடுப்பது எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி), ஹீமோகுளோபின் இரண்டின் அளவையும் பார்த்தாக வேண்டும். சில குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மூளை வளர்ச்சி பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நொதி குறைவது மூளையைத் தொடாது. கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலைதான் மூளையைக் கெடுக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். குழந்தையை எந்தத் துணியில் சுற்றியிருக்கிறீர்கள்? பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும், பழைய துணிதான் நல்லது என்று பீரோவிலிருந்து தாத்தாவின் வேட்டியை எடுத்துக் கிழிப்போம். பாட்டியின் நூல் சேலையில் தூளி கட்டுவோம். அருமையான வழக்கம். ஆனால் அந்தப் பீரோவில் பாச்சை உருண்டை கிடக்கும். அதுதான் நாப்தலீன். ஜி6பிடி குறைவான குழந்தைக்கு அதன் ஆவியே போதும், சிவப்பணுக்கள் உடைந்துவிடும். எண்ணெய் தேய்த்த உடம்பு என்றால் தோல் வழியாக இன்னும் எளிதாக உள்ளே போகும். 1963-லேயே கிரேக்க மருத்துவர்கள், நாப்தலீனோடு வைத்திருந்த துணி, போர்வையால் ரத்தம் உடைந்து காமாலை கண்ட பச்சைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நைஜீரியாவிலும் இதே கதை, இதே உருண்டை. நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஊர்க்காரர்கள் தங்கள் குழந்தைகளை இழந்து கற்ற பாடம் இது. நம் வீட்டு அலமாரிக்கு அது வரி பிசகாமல் பொருந்துகிறது. அதனால் இன்றைக்கே வீட்டிலுள்ள உருண்டைகளை எல்லாம் அள்ளி வெளியே போடுங்கள், குளியலறையில் கிடப்பதையும் சேர்த்து. அந்த உருண்டைகளோடு மாதக்கணக்கில் கிடந்த துணியைக் குழந்தை பக்கம் கொண்டுவராதீர்கள். துவைத்துவிட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

மருதாணியும் அப்படித்தான். குழந்தைகளுக்கு மருதாணி பூசும் அரபு நாடுகளில், பூசியபின் சிவப்பணு உடைந்த கைக்குழந்தைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெயர் வைக்கும் விசேஷத்தில் உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வேண்டாம்.

சிங்கப்பூரில் 1965-லிருந்து எல்லாக் குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். குறைபாடுள்ள குழந்தைகளைத் தனியாகக் கவனித்ததில், மூளையைத் தாக்கும் காமாலை அங்கே ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. உங்கள் பிள்ளைக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது, அது நல்லதே.

சாப்பாட்டுப் பட்டியல். இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்து அது நீண்டுகொண்டே போகிறது. பிரசவித்த ஒரு பெண்ணைப் பருப்பு ரசத்துக்குக்கூடப் பயப்படவைத்தது எனக்குக் கோபத்தைத் தருகிறது. துவரம்பருப்பு, பாசிப்பயறு, சுண்டல், ஆரஞ்சு எல்லாம் சாப்பிடுங்கள். சோயாவும் ஆகும். தாய்ப்பால் தொடரட்டும். உண்மையில் விலக்க வேண்டிய பயறு ஒன்றுதான்: பாவா பீன்ஸ். நம் அவரைக்காய் வேறு செடி, அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். பாவா பீன்ஸ் அரபு நாடுகளின் காலை உணவான 'ஃபுல்' கடைசலில் இருக்கும், எகிப்து முறை ஃபலாஃபலில் இருக்கும், வெளிநாட்டு வறுத்த பயறுப் பாக்கெட்டுகளிலும் இருக்கும். கணவர் ஊருக்கு வரும்போது வாங்கிவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடுப்பூசி எல்லாமே போடலாம். காய்ச்சலுக்குச் சரியான அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் காய்ச்சலைக் கொண்டுவரும் தொற்றே சிவப்பணுவை உடைக்கக்கூடும் என்பதால், அந்த நாட்களில் சிறுநீர் நிறத்தைப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில்தான் நான் கறார். மருந்துக்கடையில் 'குழந்தைக்கு வயிறு சரியில்லை, ஏதாவது கொடுங்கள்' என்று வாங்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இன்றோடு நிற்க வேண்டும். டாப்சோன், நைட்ரோபியூரன்டாயின், மெத்திலீன் புளூ, மலேரியாவுக்கான பிரைமாகுயின் ஆகியவை கட்டாயம் தவிர்க்க வேண்டியவை. நைட்ரோபியூரன்டாயின் உங்களுக்கும் பொருந்தும். பிரசவத்துக்குப் பின் சிறுநீர்த் தொற்று என்று அதை எழுதிக் கொடுக்கக்கூடும். 'குழந்தைக்கு ஜி6பிடி குறைவு, பால் கொடுக்கிறேன்' என்று சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். பிரைமாகுயினின் கதை இன்னும் வருத்தமானது. 1950-களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறையில் கைதிகளுக்கு அதைக் கொடுத்துச் சோதித்தபோது, சிலருக்கு, பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு, ரத்தம் உடைந்தது. காரணம் தேடியபோதுதான் 1956-ல் இந்த நொதிக் குறைபாடே கண்டுபிடிக்கப்பட்டது. பின்னாளில் உங்கள் மகனுக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தால், வழக்கமான 14 நாள் பிரைமாகுயின் கூடாது. வாரம் ஒரு முறை என்று 8 வாரம், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் முறை இருக்கிறது.

அப்புறம், உங்கள் கணவர். இந்த மரபணு உங்கள் அம்மா வழியாக உங்களுக்கு வந்திருந்தால், அம்மாவின் உடன்பிறந்தவரான அவருக்கும் அது இருக்கலாம். தெரியாமலே குவைத்தில் தினமும் ஃபுல் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அவரும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளட்டும். அடுத்து பெண் குழந்தை பிறந்தால் இந்த விவரம் தேவைப்படும். இரு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தால் பெண்ணுக்கும் முழுக் குறைபாடு வரும். நீங்கள் சொந்தத்துக்குள் மணந்தது இதில் கணக்கில் வரும் ஒரே இடம் அதுதான்.

குதிகால் ரத்தத்தில் வந்த முடிவை, நொதியின் அளவைச் சொல்லும் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். இடையில் சிவப்பணு உடைந்திருந்தால் உடனே செய்யும் பரிசோதனை 'நார்மல்' என்று ஏமாற்றும், ஏனென்றால் புதிதாகப் பிறந்த அணுக்களில் நொதி அதிகமாக இருக்கும். அப்படியானால் 3 மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். முடிவு வந்ததும் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.