கரக்பூர் ஐஐடியில் வேளாண் பொறியியல் எடுக்கலாமா?

ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைக்குக் கணினி அறிவியல் கிடைக்காது, கரக்பூர் ஐஐடியில் வேளாண் மற்றும் உணவுப் பொறியியல் கிடைக்கும்போல் இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்துறையில் பி.டெக். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடம் பிடித்தால் தாராளமாக எடுங்கள், ஐஐடி என்ற பெயருக்காக மட்டும் வேண்டாம்.

இது பயிர்களைப் பற்றிய படிப்பு என்று உறவினர்கள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள், விட்டுவிடுங்கள். உயிரியல் படிக்காமலேயே இதில் சேரலாம். 1951இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் 1952 முதலே இத்துறை இருக்கிறது. பண்ணை இயந்திரங்கள், மண்ணும் நீரும், உணவு பதப்படுத்தல், நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான பொறியியல் என்று அது விரிந்திருப்பதால், இயந்திரவியல், கட்டடவியல், வேதிப் பொறியியல் மாணவர்கள் தனித்தனியே படிப்பவற்றில் பலவற்றை நீங்கள் கலந்து படிக்க வேண்டியிருக்கும்.

ஆய்வகப் பயிற்சி ஒன்றைச் சொன்னால் விளங்கும். முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் கலப்பை மாட்டிய இன்னொரு டிராக்டர், இரண்டுக்கும் நடுவே இழுவிசைமானி. பின்வண்டியை நியூட்ரலில் வைத்துக் கலப்பையை மண்ணில் இறக்கி இழுக்கும்போது ஓர் அளவும், கலப்பையைத் தூக்கிவிட்டு அதே வயலில் இழுக்கும்போது இன்னோர் அளவும் எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கலப்பைக்குத் தேவைப்படும் இழுவிசை. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இடையில் ஒரு மழை பெய்துவிட்டால், அதே ஆழத்திலும் அதே வேகத்திலும் உழுதாலும் முந்தைய எண் திரும்ப வராது. எஃகின் வலிமையைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளலாம். மண்ணின் வலிமையோ ஈரத்துக்கும் இறுக்கத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால், அதை வயலில்தான் அளக்க வேண்டும். நெல் உலர்த்துவதும் அப்படித்தான்: அறுவடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஈரத்தைச் சேமிப்புக்காக 14க்குக் கொண்டுவர வேண்டும், அவசரப்பட்டுச் சூடேற்றினால் மணிக்குள் விரிசல் விழுந்து அரைவையில் நொய்யாகிவிடும். இந்தச் சிக்கல்கள் சுவாரசியமாகத் தோன்றினால் நான்காண்டும் அலுக்காது.

வேலை விஷயத்தில், வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் சில எல்லாத் துறையினரையும் அழைப்பதால், மென்பொருளுக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் போகிறவர்கள் உண்டு. துறையிலேயே நிற்க விரும்புவோருக்கு டிராக்டர் தயாரிப்பு, பாசனம், உணவு பதப்படுத்தல் நிறுவனங்கள் இருக்கின்றன. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் வேளாண் பொறியியலுக்குத் தனித் தாளும் உண்டு. உங்கள் இலக்கு தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் பணிதான் என்றால், வங்காளம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், குமுளூர் கல்லூரிகளில் படித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி எழுதலாம்.

சேர்ந்தபின் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கில் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கலந்தாய்வுக்கு முன் மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள். அதில் ஒரு பாடம்கூட உங்களை ஈர்க்கவில்லை என்றால், என்ஐடி ஒன்றில் பிடித்த துறையை விருப்பப் பட்டியலில் இதற்கு மேலே வையுங்கள்.